ட்ரோல் மேசையில் முதல் முறை உட்காருகிறவர்களுக்கு

பழங்கால வாழ்க்கையைச் செய்து பார்க்கும் எஸ்சிஏ அமைப்பின் நிகழ்வில் உதவுகிறேன் என்று பேர் கொடுத்தால், புதியவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் வாசல் மேசைதான். வாள் பிடிக்கத் தெரிய வேண்டாம், பழங்கால உடை தைக்கத் தெரிய வேண்டாம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பெயர் எழுதினால் போதும் என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். நிகழ்வுக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் பார்க்கிற முகம் நம்முடையது, நாம் வாங்கும் கையெழுத்துதான் பின்னால் அந்தக் குழுவைக் காப்பாற்றும் என்பதெல்லாம் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

எஸ்சிஏ என்பது சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம். 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் கூடி நடத்திய வாட்போட்டியில் தொடங்கியது. 1968-இல் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானது. 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உலகத்தின் உடை, உணவு, போர்க்கலை, கைத்தொழில் ஆகியவற்றைத் தாங்களே செய்து பார்க்கிறவர்களின் கூட்டம் இது. இன்று உலகம் முழுவதையும் இருபது 'ராஜ்யங்களாக'ப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உள்ளூர் நிகழ்வில் சமைக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர், கணக்கு எழுதுகிறவர் எல்லோரும் தன்னார்வலர்கள். சம்பளத்துக்கு வந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

வாசல் மேசையைப் பல ராஜ்யங்களில் 'ட்ரோல்' என்று சொல்வார்கள். பாலத்தடியில் இருந்துகொண்டு போகிறவர் வருகிறவரை வழிமறிக்கும் கதைப் பூதத்தின் பெயர் அது. வேறு சில இடங்களில் வெறுமனே 'கேட்'. வேலை ஒன்றுதான்.

முந்தின வாரமே கேட்டு வாங்க வேண்டியவை

நிகழ்வை நடத்துகிறவர் ஈவன்ட் ஸ்டூவர்ட். பழைய ஆட்கள் ஆட்டோகிராட் என்பார்கள். பணத்துக்குப் பொறுப்பு எக்ஸ்செக்கர். கிளையின் தலைமை நிர்வாகி செனஷல். இந்த மூன்று பேருடைய தொலைபேசி எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு முகாமில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் மூவரும் எந்தக் கட்டடத்தில் இருப்பார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தாள்கள். கட்டண விவரம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில். முன்பதிவு செய்தவர்களின் பட்டியல், கடைசிப் பெயர் வரிசையில் ஒன்று, எஸ்சிஏ பெயர் (நிகழ்வுக்கென்று தானே வைத்துக்கொண்ட பழங்காலப் பெயர்) வரிசையில் ஒன்று. வருகிறவர் எந்தப் பெயரைச் சொல்வார் என்று தெரியாது. 'நான் தான் மீன்காரத் தெருவின் ஐசபெல்' என்று ஒருவர் வந்து நின்றால் இரண்டாவது பட்டியல்தான் கைகொடுக்கும். அப்புறம் வெய்வர் படிவங்கள் (அடிபட்டால் அமைப்பின் மேல் பொறுப்பு சுமத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பவை), பெரியவர்களுக்குத் தனி, சிறார்களுக்குத் தனி. நிகழ்வுகளுக்கு வரக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலும் வேண்டும். அதை மேசைமேல் விரித்து வைக்காமல் கோப்புக்குள் வையுங்கள். அதில் உள்ள ஒருவர் வந்தால் நீங்கள் வாதாடவே வேண்டாம், ஸ்டூவர்டையோ செனஷலையோ கூப்பிடுவதோடு உங்கள் வேலை முடிந்தது.

இன்னொரு தாளை நீங்களே எழுதித் தயாரிக்க வேண்டியிருக்கும்: முகாமின் முழு முகவரி, மிக அருகில் உள்ள மருத்துவமனையின் முகவரி, முகாமுக்குள் வரும் வழி. அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிடுகிறவருக்கு 'சாரணர் முகாமில் இருக்கிறோம்' என்பதற்கு மேல் சொல்ல ஏதாவது வேண்டும். ஆம்புலன்ஸ் முதலில் வந்து நிற்கும் இடமும் உங்கள் மேசைதான். இந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேசையில் ஒட்டி வைத்துவிடுவேன்.

மேசைச் சாமான்களில் எல்லோரும் மறப்பது இரண்டு: நெற்றி விளக்கும் துணி கிளிப்பும். நிகழ்வுகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த சாரணர் முகாமிலோ தேவாலயக் கூடத்திலோ நடக்கும். வாசலில் மின்விளக்கு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காற்றில் பறந்துபோன கையெழுத்துத் தாளை இருட்டில் புல்வெளியில் தேடுவது பெரிய பாடு.

ஒருவர் வந்து நின்றால்

முதலில் வரவேற்பு, அப்புறம்தான் படிவம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவரிடம் எடுத்த எடுப்பில் 'கார்டு இருக்கா?' என்றால் அவருக்கு மனசு விட்டுப்போகும். 'வாங்க, வழி சரியாகத் தெரிந்ததா?' என்று ஒரு வார்த்தை போதும்.

அடுத்து, உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினராக இருந்தால் அட்டையைக் காட்ட வேண்டும், கைப்பேசியில் இருந்தாலும் சரிதான். அட்டையில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, காலாவதித் தேதி. நேற்றோடு முடிந்திருந்தாலும் இன்றைக்கு அவர் உறுப்பினர் இல்லை. இரண்டாவது, அவருடைய வெய்வர் ஏற்கெனவே தலைமையகக் கோப்பில் இருக்கிறதா என்ற குறிப்பு. கோப்பில் இருப்பவரின் அட்டையை 'நீல அட்டை' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது இருந்தால் வருகைப் பதிவில் பெயர் எழுதினால் போதும், இல்லாவிட்டால் அந்த நிகழ்வுக்கென்று கையெழுத்துப் போட வேண்டும்.

வெய்வர் என்பது என்ன என்று புதியவர்கள் கேட்பார்கள். நேராகச் சொல்லுங்கள்: பிரம்பு வாள் சண்டை, ரேப்பியர் என்ற மெல்லிய வாள் சண்டை, அம்பு எய்தல் எல்லாம் நடக்கிற இடம், அடிபட வாய்ப்புண்டு, அது தெரிந்தே உள்ளே வருகிறேன், அமைப்பின் மேல் பொறுப்பு சுமத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. அவசரப்படுத்தாமல் படிக்க விடுங்கள். பின்னால் வரிசை நின்றால் படிக்கிறவரைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

கையெழுத்தில் நடக்கும் தவறுகள் மூன்று நான்குதான், ஆனால் திரும்பத் திரும்ப நடக்கும். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரே வண்டியில் உள்ள எல்லோருக்கும் போட்டுவிடுவார். அது செல்லாது. கணவருக்காக மனைவியோ மனைவிக்காகக் கணவரோ போட முடியாது, வயது வந்தவர் ஒவ்வொருவரும் தன் கையால் போட வேண்டும். இன்னொன்று, எஸ்சிஏ பெயரில் கையெழுத்துப் போடுவது. அரசாங்க அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் வேண்டும். பலர் ஒரே தாளில் கையெழுத்திடும் ரோஸ்டர் படிவம் என்றால், மேலே உள்ள வாசகம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். வாசகம் இல்லாத வெறும் கோடு போட்ட தாளில் வாங்கிய நாற்பது கையெழுத்துக்கும் பொருள் கிடையாது. தேதி விட்டுப்போவதும் உண்டு.

தமிழர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், வேறு ஆவணத்தில் இனிஷியலாகவும் இருப்பது நமக்குச் சகஜம். உறுப்பினராகச் சேரும்போது ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாசலிலும் பட்டியலில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கையெழுத்து ஆனதும் டோக்கன். சின்ன வெள்ளீய வார்ப்பாகவோ, களிமண் வில்லையாகவோ, ரிப்பன் துண்டாகவோ இருக்கும். பணம் கட்டி, படிவம் முடித்து வந்தவர் என்பதற்கு அதுதான் அடையாளம். அதைச் செய்தவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்திருப்பார், அதனால் தூக்கிப் போடாமல் கையில் வைத்துக் கொடுங்கள்.

சாதாரண உடையில் வந்திருந்தால் தயங்க விடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடைக்கு ஒரு முயற்சியாவது செய்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே இரவல் உடைகள் உண்டு, பல இடங்களில் 'கோல்ட் கீ' என்பார்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, முடிந்தால் கூடவே போய்க் காட்டிவிட்டு வாருங்கள். வேட்டியும் மேல்துண்டும் கட்டி வரலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாக வரலாம். ஐரோப்பிய உடைதான் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

பதினெட்டு வயது ஆகாதவர்கள்

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

சிறார் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடியவர் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் சித்தியும் அம்மாதான், பெரியப்பாவும் அப்பாதான். படிவத்தின் கணக்கு அப்படி இல்லை. பாட்டி, மாமா, கல்லூரியில் படிக்கும் அக்கா, நண்பனின் அம்மா இவர்கள் யாரும் போட முடியாது.

பெற்றோர் கூட வரவில்லை என்றால் இரண்டு தாள் வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட சிறார் வெய்வர் ஒன்று. நிகழ்வில் இருக்கப்போகும் ஒரு பெரியவருக்கு, குழந்தைக்கு மருத்துவ சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கும் உரிமையை எழுதிக் கொடுக்கும் மருத்துவ அனுமதிப் படிவம் இன்னொன்று. முதல் தாள் மேசையில் தங்கும். இரண்டாவதை நீங்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பொறுப்பேற்ற பெரியவர் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் கேட்கப்போவது அவரைத்தான். நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாக வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எப்படியும் நோட்டரி முன்னால் போட்டு வாங்கி வைப்பதே நல்லது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஒன்பதரை இருக்கும், நல்ல மழை. ஓர் அம்மாள் தன் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினான்கு வயது. தானே அட்டையில் வெட்டிச் செய்த கேடயம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு பிடித்திருந்தான். கையில் ஒரு தாளும் இல்லை. 'நான் அவனுக்கு அம்மா மாதிரிதானே, நான் போடுகிறேன்' என்றார் அந்தச் சித்தி. பக்கத்தில் இருந்த புதிய தன்னார்வலர் என்னைப் பார்த்தார். விட்டுவிடலாமே என்று எனக்கும் மனசு அடித்துக்கொண்டது.

விடவில்லை. மழையில் நிற்க வேண்டாம் என்று இருவரையும் கூடாரத்துக்குள் உட்கார வைத்துச் சூடாக ஆப்பிள் சாறு கொடுத்தோம். ஸ்டூவர்டை அழைத்து வந்தேன். பையனின் அம்மாவுக்குப் போன் போட்டோம். ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தார். பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார், முகத்தில் கோபம் தெரிந்தது. இது ஏன் என்று விளக்கினேன்: நாளைக்கு இவன் கை உடைந்தால், நீங்கள் வந்து சேரும் வரை டாக்டர் காத்திருக்க வேண்டி வரலாம். அவர் படிவம் முழுவதையும் படித்துக் கையெழுத்துப் போட்டார். மருத்துவ அனுமதித் தாள் இல்லாததால் அவரே இரவு தங்கிவிட்டார். ஒரு கட்டிலும் இரவல் கவுனும் கிடைத்தன. மறுநாள் மாலை அந்தக் கவுனோடே வந்து, அடுத்த நிகழ்வு எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படி ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தாலும் குழந்தையின் முன்னால் குற்றம் சொல்லாதீர்கள். குழந்தைக்கு எதிரில் படிவத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். நிகழ்வு அறிவிப்பிலேயே இந்த இரண்டு தாளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்து, இல்லாவிட்டால் ஸ்டூவர்டிடம் சொல்லுங்கள். இந்தத் தகராறுகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பணம்

கட்டணம் இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். நுழைவுக் கட்டணம், இரவு தங்கக் கட்டணம், விருந்துக் கட்டணம். ஓர் உதாரணத்துக்கு, பெரியவருக்கு நுழைவு 30 டாலர், உறுப்பினர் தள்ளுபடி 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 20 தருவார், மற்றவர் 30 தருவார். அந்தக் கூடுதல் 10 டாலர் உள்ளூர்க் குழுவுக்கு வராது, அமைப்பின் தலைமையகத்துக்குப் போகும். அதனால்தான் உறுப்பினர் அல்லாதவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இவ்வளவு முக்கியம். 'தெரிந்தவர்தானே' என்று அட்டை பார்க்காமல் தள்ளுபடி கொடுத்தால், அந்தப் பணத்தைக் குழு தன் கையிலிருந்து கட்ட வேண்டி வரும்.

விருந்தில் இடம் இருக்கிறதா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். சமையல்காரர் எண்பது பேருக்கு என்று கறியும் ரொட்டியும் கணக்குப் போட்டு வாங்கியிருப்பார். அவரிடம் மீதி இடங்களின் எண்ணிக்கையைக் காலையிலேயே வாங்கி, விற்க விற்க அடித்துக்கொண்டு வாருங்கள்.

பணப்பெட்டியில் எப்போதும் இரண்டு பேர். இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டாம். இது உங்கள் மேல் சந்தேகம் வராமல் உங்களைப் பாதுகாக்கிற ஏற்பாடு. தொடங்கும்போது சில்லறை எவ்வளவு என்று இருவரும் எண்ணி எழுதிக் கையெழுத்திடுங்கள். ஷிஃப்ட் மாறும்போதும் அதேதான். ஐந்து டாலர், ஒரு டாலர் நோட்டுகள் நிறைய வேண்டும், ஏனென்றால் முதலில் வரும் பத்துப் பேரும் இருபது டாலர் நோட்டைத்தான் நீட்டுவார்கள். காசோலை வாங்கினால் எஸ்சிஏ பெயரும் கிளையின் பெயரும் சேர்ந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் பெயருக்கு வாங்கவே கூடாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். பெயர், தொகை, காரணம், முகவரி எழுதி வாங்கி எக்ஸ்செக்கரிடம் சேருங்கள். இலவச அனுமதியும் அப்படித்தான், பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஸ்டூவர்டைக் கேட்க வேண்டும்.

ஒருமுறை இரவுக் கணக்கில் இருபது டாலர் அதிகமாக வந்தது. அதிகம்தானே என்று விட முடியாது. குறைவு போலவே அதுவும் தவறுதான். நானும் கூட இருந்தவரும் தாள் தாளாகப் பார்த்தோம். வாசலில் ரொக்கம் கொடுத்த ஒருவருக்கு 'முன்பதிவு' கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. நாற்பது நிமிடம் பிடித்தது. அதிலிருந்து முன்பதிவுக்கு நீலப் பேனா, ரொக்கத்துக்குச் சிவப்புப் பேனா என்று வைத்துக்கொண்டேன்.

மறந்துபோகிற ஆட்கள்

வாசல் திறக்கும் முன்பே உள்ளே போனவர்கள்தான் பட்டியலில் விட்டுப்போகிறார்கள். விடிகாலையில் வந்த சமையல்காரர், மேசை நாற்காலி இறக்கியவர்கள், கடை போடும் வியாபாரிகள், முந்தின இரவே கூடாரம் அடித்தவர்கள். இவர்களும் கையெழுத்துப் போட வேண்டும், வேலை செய்யத்தான் வந்தார்கள் என்பதற்காக விட முடியாது. படிவ அட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நீங்களே நடந்து போங்கள். மாவு கையோடு அவர்கள் உங்களைத் தேடி வர மாட்டார்கள். உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணிக்கை தீ விபத்து போன்ற நேரத்திலும் தேவைப்படும்.

பெயர்களைக் காப்பது

உங்கள் மேசையில் நூறு பேருடைய சட்டப் பெயர் இருக்கிறது. இன்னாருடைய உண்மைப் பெயர் என்ன, அவர் வந்துவிட்டாரா, எந்தக் கூடாரம் என்று கேட்பவர்கள் வருவார்கள். பெரும்பாலும் நண்பர்கள்தான். ஆனால் ஒருவரை விட்டு விலகி வந்தவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம், பின்தொடர்ந்து வந்தவரும் இருக்கலாம். யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: 'உங்கள் பெயரைக் கொடுங்கள், அவரைப் பார்த்தால் சொல்கிறேன்.' கையெழுத்தான தாளைக் கவிழ்த்து வையுங்கள். அடுத்தவர் போடும்போது முந்தினவர்களின் முகவரியை ஒரு வெற்றுத் தாளால் மூடுங்கள். தாள்களைப் போட்டோ எடுக்க விடாதீர்கள். சட்டப் பெயரைச் சத்தமாகப் படிக்கவும் வேண்டாம். இங்கே எந்தப் பெயரில் வாழ்கிறாரோ அந்தப் பெயரில் கூப்பிடுங்கள். சிலருக்கு அது வெறும் விளையாட்டுப் பெயர் இல்லை.

சண்டை போட அனுமதி அட்டை, ஆயுதச் சோதனை இதெல்லாம் சண்டைக் களத்தைக் கவனிக்கும் மார்ஷல்களின் வேலை. கேட்டால் அவர்கள் பக்கம் கை காட்டினால் போதும்.

பென்சிக் போன்ற பெரிய நிகழ்வுகள் வேறு கதை. மேற்கு பென்சில்வேனியாவில் 1972-இல் தொடங்கிய அது இப்போது கூப்பர்ஸ் லேக் முகாமில் இரண்டு வாரம் நடக்கிறது, ஆயிரக்கணக்கான பேர் கூடும் கூட்டம். அங்கே வாசல் கணினியில் ஓடும், டோக்கனுக்குப் பதில் கழுத்தில் மெடாலியன் என்ற பதக்கம். சின்ன நிகழ்வு இரண்டு மூன்றில் உட்கார்ந்துவிட்டுப் போனால் அங்கேயும் திணற மாட்டீர்கள்.

மூடும்போது

வாசல் மூடியதும் அன்றே எண்ணுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள். இருவர் எண்ணி, தலைகளின் எண்ணிக்கையும் பணமும் பொருந்துகிறதா என்று பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்திட்டு எக்ஸ்செக்கரிடம் நேரில் கொடுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களின் பெயர்ப் பட்டியலும் கூடவே போக வேண்டும்.

வெய்வர்களைத் தனி உறையில் போடுங்கள், சிறார் படிவங்களுக்கு இன்னொரு உறை. உறைமேல் நிகழ்வின் பெயர், தேதி, இடம், உள்ளே எத்தனை தாள் என்று எழுதுங்கள். அவை ராஜ்யத்தில் வெய்வருக்கென்று பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குப் போகும், பல ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். வழக்கு ஏதாவது வந்தால் தேடப்போவது இந்த உறையைத்தான், அதனால் ஈரம் பட்ட தாளைக் காய வைத்துவிட்டு உள்ளே வையுங்கள். உறையை வாங்கிக்கொள்கிறவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மீந்த டோக்கன்களை ஸ்டூவர்டிடம் சேர்த்துவிட்டு, ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.